இறக்கினது எங்கே போச்சு, அண்ணாச்சி?

(திருநெல்வேலி சிந்துபூந்துறையில் 2003 முதல் பிரவுசிங் சென்டர் நடத்திவரும் நம் 'கம்ப்யூட்டர் அண்ணாச்சி' வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

*தம்பி, எங்கள் வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுக்கப் பதிவுத்துறை இணையதளத்துக்குப் போனேன். திரையில் முழுசாக வந்தது. மறுநாள் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தால் காணவில்லை. திரும்ப எடுத்தேன், திரும்பவும் காணவில்லை. சென்னையில் இருக்கும் மகன், "டவுன்லோட்ஸ்ல பாரும்மா" என்கிறான். அது எங்கே இருக்கிறது?*
– ஓய்வுபெற்ற ஆசிரியை, களக்காடு

டீச்சர், மகன் சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. திரையில் தெரிவதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்ந்துவிட்டதாக அர்த்தம் ஆகாது. இப்போதைய பிரவுசர்கள் பிடிஎஃப் ஃபைலைத் தானே திறந்து காட்டிவிடும். அப்படித் திறந்ததைப் பார்த்துவிட்டு டேபை மூடினால், கையில் ஒன்றும் மிஞ்சாது. மேலே வலது பக்கம் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால்தான் ஃபைல் உங்கள் வீட்டுக்குள் வரும்.

அழுத்தியாயிற்று, எங்கே போச்சு என்று தெரியவில்லையா? கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 'ஜே' எழுத்தைத் தட்டுங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இதுவரை இறக்கியவற்றின் பட்டியல் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு ஃபோல்டர் படம் இருக்கும். அதை அழுத்தினால் ஃபைல் இருக்கும் இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தும். ஒரே பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்டு வரிசையாக நின்றால் பயப்பட வேண்டாம். நீங்கள் திரும்பத் திரும்ப இறக்கியதற்கான கணக்கு அது. ஒன்றைத் திறந்து சரிபார்த்துவிட்டு மற்றதை அழித்துவிடலாம்.

இன்னொரு வேலையும் செய்துவிடுங்கள். பிரவுசரின் செட்டிங்ஸில் 'டவுன்லோட்ஸ்' பகுதியில், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே வைக்கலாம் என்று முன்கூட்டியே கேட்கும்படி ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் இடத்தையும் பெயரையும் நீங்களே முடிவு செய்யலாம். இணையதளம் வைக்கும் பெயர் வெறும் எண்ணும் எழுத்துமாக இருக்கும். அதை அப்படியே விடாதீர்கள். '2024-06-11 களக்காடு வீடு வில்லங்கம்' என்று தமிழிலேயே வைக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். வருடத்தை முன்னால் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெயர் வரிசையில் அடுக்கும்போது கம்ப்யூட்டர் இடமிருந்து வலமாகத்தான் பார்க்கும். தேதியை முன்னால் போட்டால் 2019 ஜூன் 11-உம் 2024 ஜூன் 11-உம் அடுத்தடுத்து உட்காரும். வருடத்தை முன்னால் போட்டால் பழையது மேலே, புதியது கீழே என்று காலவரிசையில் நிற்கும். தேதிக்கு நடுவில் சாய்கோடு மட்டும் போடாதீர்கள், ஃபைல் பெயரில் அதற்கு அனுமதி இல்லை.

*விண்ணப்பத்தின் விவரம் இருந்த டேபை மவுஸ் தவறி மூடிவிட்டேன். முகவரியும் ஞாபகம் இல்லை.*
– கல்லூரி மாணவர், தென்காசி

கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு 'டி' (T) தட்டுங்க தம்பி. கடைசியாக மூடிய டேப் திரும்ப வரும். இன்னொரு முறை தட்டினால் அதற்கு முந்தியது வரும். பக்கம் வந்துவிடும், ஆனால் பாதி நிரப்பிய விவரங்கள் வருமென்று நம்ப வேண்டாம். நீளமாக எழுத வேண்டியதை முதலில் நோட்பேடில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் ஒட்டுங்கள்.

*அண்ணாச்சி, நாங்க கோரைப்பாய் நெய்கிறோம். பாயில் போட்ட டிசைன்களை எல்லாம் போட்டோ எடுத்து பென் டிரைவில் வைத்திருந்தேன். இடம் பண்ண வேண்டி பழைய படங்களை அழிக்கும்போது எல்லாமே போய்விட்டது. ரீசைக்கிள் பின்னில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. திரும்பக் கிடைக்குமா?*
– பத்தமடை வாசகி

தங்கச்சி, இதைப் படித்த நிமிடத்திலிருந்து அந்தப் பென் டிரைவில் புதிதாக எதையும் போடாதீங்க. கழற்றித் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மற்றது எல்லாம் அப்புறம்.

ரீசைக்கிள் பின் என்பது பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்குக்குத்தான். பென் டிரைவிலிருந்து அழித்தால் அது அங்கே போகாது, நேராக அழிந்துவிடும். நம் ஆட்கள் நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. ஆனால் 'அழிந்தது' என்றாலும் படம் உடனே போய்விடுவதில்லை. நூலகத்தில் புத்தகப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிட்டால் புத்தகம் அலமாரியில் அப்படியேதானே இருக்கும்? அந்த இடம் காலி என்று நினைத்து இன்னொரு புத்தகத்தை அங்கே வைக்கும்போதுதான் பழையது போகிறது. அதனால்தான் புதிதாக எதையும் போடாதீங்க என்றேன்.

'ரெக்குவா', 'போட்டோரெக்' என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும், பென் டிரைவில் போடக் கூடாது. மீட்கும் படங்களையும் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும். போட்டோரெக்கில் படம் கிடைத்தாலும் நீங்கள் வைத்த பெயர் கிடைக்காது, ஏதோ எண்ணாக வரும். பத்தமடைப் பாயில் ஒரு டிசைன் எத்தனை நாள் உழைப்பு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் மாற்றப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். தெரியாத ஒருவரிடம் கொடுப்பதாக இருந்தால், "இதில் எதையும் எழுதிவிடாதீங்க" என்று முதலில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

*32 ஜிபி பென் டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது. 6 ஜிபி கல்யாண வீடியோவைப் போட்டால் 'ஃபைல் பெரிது' என்று மறுக்கிறது.*
– ஸ்டுடியோக்காரர், வள்ளியூர்

பென் டிரைவ், ஃபைல்களை அடுக்கி வைக்கும் 'ஃபேட் 32' என்ற பழைய முறையில் இருக்கிறது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, மொத்த இடம் எவ்வளவு இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை எல்லாம் வேறிடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, ரைட் கிளிக் செய்து ஃபார்மேட்டில் 'எக்ஸ்ஃபேட்' தேர்ந்தெடுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே உள்ளது எல்லாம் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். சில பழைய டிவிகள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. வாடிக்கையாளர் வீட்டு டிவி பழசு என்றால் வீடியோவை இரண்டாக வெட்டிக் கொடுப்பதே நல்லது.

*வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. தேர்வு விண்ணப்பம் எல்லாம் பிரவுசிங் சென்டரில்தான் போடுகிறேன். இன்காக்னிட்டோவில் திறந்தால் பாதுகாப்புதானே அண்ணாச்சி?*
– அம்பாசமுத்திரம் வாசகி

கடை வைத்திருக்கிறவன் என்ற முறையில் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தாயி.

இன்காக்னிட்டோவில் நீங்கள் எந்தெந்தப் பக்கம் போனீர்கள் என்ற பட்டியல் அந்த பிரவுசரில் தங்காது. எல்லா இன்காக்னிட்டோ ஜன்னல்களையும் மூடினால் லாகின் விவரமும் போய்விடும். ஆனால் நீங்கள் இறக்கிய ஃபைல் எங்கும் போகாது. அது டவுன்லோட்ஸில் அப்படியே கிடக்கும், அடுத்து உட்காருகிறவர் திறந்து பார்க்கலாம்.

ராத்திரி கடை அடைக்கும் முன்னால் எட்டு சிஸ்டத்திலும் டவுன்லோட்ஸைத் திறந்து நானே துடைக்கிறேன். ஒரு நாள் விட்டாலும் மனசு கேட்காது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம், கையெழுத்து மட்டும் தனியாக ஸ்கேன் செய்த படம், ஆதார் எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு. இரண்டும் பக்கத்திலேயே கிடக்கும் மதிப்பெண் சான்றிதழில் அச்சடித்திருக்கிறது.

அதனால் எழுந்திருக்கும் முன்னால், இறக்கிய ஃபைலை உங்கள் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு சேர்த்து டிலீட் தட்டுங்கள். வெறும் டிலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும். ஸ்கேன் எடுத்தது எந்த ஃபோல்டரில் விழுந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு அங்கேயும் பாருங்கள். பிரிண்டுக்காக வாட்ஸ்அப்பை அதில் திறந்திருந்தால், உங்கள் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் லாக் அவுட் கொடுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னால் ஆள் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்பட வேண்டாம். இரண்டு நிமிடம் கூட ஆகும், ஆகட்டும்.

*விண்டோஸ் 7 சிஸ்டத்தில் குரோம் புதுப்பிக்கவே மாட்டேன் என்கிறது.*
– சங்கரன்கோவில் வாசகர்

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதில் ஓடும் கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. அந்த சிஸ்டத்தில் பேங்க் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீங்க. புதுசு வாங்க வசதிப்படவில்லை என்றால், ஃபைல்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு விண்டோஸுக்குப் பதிலாக 'லினக்ஸ் மின்ட்' போட்டுப் பாருங்கள், அது இலவசம்.

*முக்கியமான ஃபைல்களை இரண்டு இடத்தில் வை என்கிறீர்கள். சி டிரைவில் ஒன்று, டி டிரைவில் ஒன்று வைத்திருக்கிறேன். போதுமா?*
– பாளையங்கோட்டை வாசகர்

போதாது அண்ணாச்சி. பெரும்பாலான வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில் போட்ட தடுப்புதான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

நான் அதைவிட ஒரு படி மேலே போய்த் தனி ஹார்ட் டிஸ்க்கே வாங்கி வைத்திருந்தேன். அதை வைத்திருந்தது கடை மேசை இழுப்பறையில். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது சிபியு எல்லாம் சேறு. இழுப்பறையும் நிறைந்திருந்தது. பதற்றத்தில் அந்த ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுநாளே செருகிவிட்டேன். இரண்டு தடவை 'டிக் டிக்' என்றது, அப்புறம் சத்தமே இல்லை. நனைந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது, அப்படியே டேட்டா மீட்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதை எனக்குச் சொன்னவர்கள் அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். எங்க ஆச்சி கொடை விழாவில் குலவை போட்டுப் பாடியது பதினோரு நிமிடம் அதில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று கடையில், இன்னொன்று மகாராஜநகரில் தங்கச்சி வீட்டு மாடியில். சனிக்கிழமை சாயங்காலம் கடையில் இருப்பதில் அந்த வாரத்து ஃபைல்களை ஏற்றி, அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வருவேன். அவள் மகள் அதன்மேல் தேதி எழுதி ஒட்டுகிறாள், வருடத்தை முன்னால் போட்டு.