மணலில் முன்சக்கரம் ஆடுவது: வகுப்புக்கு முன் செய்ய வேண்டியது

நண்பரே, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கை மணலில் எழுந்து நின்னபடி ஓட்டினால் முன்சக்கரம் ஆடுது, கை மரத்துப்போகுது, ஞாயிறு ஆஃப்ரோடு (சாலையில்லா தடத்தில் ஓட்டும்) வகுப்புன்னு எழுதியிருந்தீங்க. இரண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்: உடம்பை ஹேண்டில்பாரில் தாங்குறீங்க. எடையை ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கம்பியில்) ஊன்றி, முட்டியால் டேங்கை இறுக்குங்க. கைப்பிடி லேசா இருக்கட்டும். சக்கரம் ஆடத் தொடங்கினதும் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) மூடாதீங்க. மூடினா எடை முன்னால் சாய்ஞ்சு சக்கரம் மணலில் புதையும். இரண்டாம் கியர், சீரான த்ராட்டில், பார்வை 20 மீட்டர் தள்ளி.

டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். ட்யூப் டயர் என்பதால் ரொம்பக் குறைச்சா கல்லில் இடிச்சு ட்யூப் கிழியும்; திரும்பும்போது காற்றடிக்க பம்ப் கொண்டுபோங்க. நின்னபடி மணிக்கட்டு மடங்காம எட்டுற மாதிரி பிரேக், கிளட்ச் லீவர்களைக் கொஞ்சம் கீழே திருப்புங்க. பின்சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்கும் அமைப்பை) அணைக்கும் பட்டன் இருந்தா, சாவியை அணைச்சுப் போடும் ஒவ்வொரு முறையும் மறுபடி அழுத்தணும். பலர் கோட்டை விடுறது இங்கேதான்.