அம்மாவின் 11 மாத்திரைகளும் தலைசுற்றலும்

உங்கள் அம்மாவுக்கு 74 வயது, தினமும் 11 மாத்திரை, எழுந்தால் தலைசுற்றல், பகலெல்லாம் தூக்கம் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இதை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். மாத்திரைகள் பெருகும்போது, ஒன்றின் பக்கவிளைவைப் புது நோயாக எண்ணி அதற்கும் ஒரு மாத்திரை சேர்ந்துவிடுவது உண்டு. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை எடுத்தால் சிலருக்குக் கால் வீங்கும். வீக்கத்துக்கு, சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரை வரும். அதைச் சாயங்காலம் போட்டால் இரவில் நாலு தடவை எழ வேண்டும். அப்புறம் தூக்க மாத்திரை. என் அப்பாவுக்கு இப்படித்தான் ஆனது.

பிரஷரை உட்கார்ந்த நிலையிலும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் குறித்துக்கொண்டு சீக்கிரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். சளி, அலர்ஜிக்குக் கடையில் வாங்கியது உட்பட எல்லா அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துப் போய், "இதில் எது இன்னும் தேவை?" என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மெட்டோபிரோலால் (பிரஷர், இதய மாத்திரை), ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை போன்றவற்றைத் திடீரென விடுவது ஆபத்து.

அம்மாவிடமும் கேளுங்கள், எந்தத் தொந்தரவு முதலில் போக வேண்டும் என்று. அப்பா இரவுத் தூக்கம் என்றார். மருத்துவரிடம் அதிலிருந்துதான் ஆரம்பித்தோம்.