துடுப்பும் இல்லை, எஞ்சினும் இல்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிட்ஸ்பர்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கென்னிவுட் என்ற பழைய பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே 'ஓல்டு மில்' என்று ஒரு படகுச் சவாரி. ஓட்ட ஆளில்லை, சத்தமில்லை. இருட்டுக்குள் மெல்லப் போய், அங்கங்கே பொம்மைக் காட்சிகளைக் காட்டிவிட்டு, ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. அது எப்படி நகர்கிறது?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: தண்ணீர்தான் கொண்டுபோகிறது டீச்சர். நம்மூர்ப் பிள்ளைகள் கொதும்பை (தென்னம்பாளை மூடியை) சானலில், அதாவது வாய்க்காலில் போட்டுவிட்டுக் கரையோடு கூடவே ஓடுவார்களே, அதே சங்கதிதான். ஆனால் சானல் தண்ணீர் சரிவில் போய்க்கொண்டே இருக்கும், பூங்காப் படகோ திரும்பி வந்தாக வேண்டும். அதனால் வளைந்து வளைந்து போய்த் தொடங்கிய இடத்திலேயே முடிகிற மாதிரி குறுகலான ஒரு தொட்டி கட்டுவார்கள். ஓரிடத்தில் பலகைகள் பொருத்திய பெரிய சக்கரம் இருக்கும், மோட்டார் அதைச் சுற்றும். சக்கரம் ஒரு பக்கத்துத் தண்ணீரை வாரி மறுபக்கம் தள்ளத் தள்ள, அந்தப் பக்கம் மட்டம் கொஞ்சம் ஏறும், இந்தப் பக்கம் இறங்கும். அந்தச் சின்ன ஏற்றத்தாழ்வு போதும், ஆள் நிறைந்த படகும் தானே நகர்ந்துவிடும். தொட்டியின் அகலம் படகைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்பதால் படகு குறுக்கே திரும்பிக்கொள்ள வழியில்லை, வளைவுகளில் ஓரத்தில் மெல்ல இடித்து இடித்துத் தானே வழி பிடித்துக்கொள்ளும். வாசலில் தெரியும் மில் சக்கரம் வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் முழு வேலையும் பார்த்தது அதுதான்.

நீங்கள் ஏறியது சாதாரணச் சவாரி இல்லை. கென்னிவுட்டை 1898-ல் ஆரம்பித்தது ஒரு டிராம் கம்பெனி. விடுமுறை நாளில் டிராம் காலியாக ஓடுகிறதே, வழித்தடத்தின் கடைசியில் ஒரு பூங்கா இருந்தால் ஜனங்கள் டிக்கெட் எடுத்து வருவார்களே என்ற கணக்கு. அங்கே 1901-ல் வந்தது இந்தப் படகு, இன்றும் ஓடுகிறது. இடையில் எத்தனையோ பெயர் மாற்றினார்கள், 2004-ல் கார்ட்டூன் பூனை கார்ஃபீல்டைக் கொண்டுவந்து உள்ளே முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற மாதிரியும் ஆக்கினார்கள். 2020-ல் அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பழைய பெயரையே திரும்ப வைத்தார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். இருட்டும், தண்ணீர்ச் சத்தமும், அடுத்த வளைவில் என்ன வருமோ என்ற எண்ணமும் இருக்கிற இடத்தில் கண்ணாடி எதற்கு?

கேள்வி: இப்படி ஒரு படகுச் சவாரியிலிருந்து தீப்பிடித்து ஒரு பூங்காவே அழிந்தது என்கிறார்களே, தண்ணீரில் எப்படித் தீ?
- வாசகர், குளச்சல்

பதில்: உண்மைதான். நியூயார்க்கின் கோனி தீவில் 'ட்ரீம்லேண்ட்' என்று 1904-ல் திறந்த பூங்கா. அதில் 'ஹெல் கேட்' என்ற படகுச் சவாரி, படகு சுழலுக்குள் இறங்கிப் பாதாளத்துக்குப் போவது போல அமைத்திருந்தார்கள். 1911 மே 27 அதிகாலை, பூங்கா அந்த வருடத்துக்குத் திறக்க இருந்த நாள், தொட்டியில் ஒழுக்கு அடைக்கக் கொதிக்கும் தாரை வைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று விளக்குகள் போய்விட்டன. இருட்டில் யாரோ காலால் இடித்துத் தார் வாளி கவிழ்ந்தது, தீ பிடித்துக்கொண்டது. கட்டடங்களெல்லாம் மரச் சட்டம், மேலே சாந்துப் பூச்சு, விடிவதற்குள் பூங்கா இல்லை. திரும்ப அதைக் கட்டவும் இல்லை. வள்ளத்துக்குத் தார் காய்ச்சுகிற ஊர்க்காரர் நீங்கள், அந்த வாளி எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் தண்ணீர் தொட்டியில்தானே ஓடுகிறது? அதில் சின்னப் படகு விட்டால் உலகமே வருமே!
- கல்லூரி மாணவர், திருவட்டாறு

பதில்: வேண்டாம் தம்பி. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் 1966-ல் அதைக் கட்டியது விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயலுக்கும் தோப்புக்கும் தண்ணீர் போக. வேகத்தை நம் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது, அடைப்புக் காலத்தில் தண்ணீரே இருக்காது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்கும் போகிற தண்ணீரை மறித்துச் சவாரி விட்டால் விவசாயி சும்மா இருப்பாரா, இருக்கத்தான் வேண்டுமா?

ஆனால் ஆசை நல்ல ஆசை. சானலைத் தொடாமல் தனியாகத் தொட்டி கட்டலாம், அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும், வெயிலில் வற்றுவதையும் ஒழுக்கையும் ஈடுகட்டினால் போதும். இங்கிலாந்தின் பிளாக்பூலில் 'ரிவர் கேவ்ஸ்' 1905 முதல் இருக்கிறது, வால்ட் டிஸ்னி குழு 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் செய்த பொம்மைப் படகுச் சவாரியில் பம்ப் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிப் படகைத் தள்ளினார்கள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாராவது கட்டினால் ஒன்றே ஒன்று கேட்பேன்: வேகம் வைக்காதீர்கள், பாட்டுப் போடாதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை முற்றம், முட்டத்துக் கலங்கரை விளக்கம், சிற்றாறு ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பால்வெட்டு என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு காட்சி வையுங்கள். ஆச்சியும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு மெல்லப் போகட்டும். தலைகீழாகச் சுற்றுகிற ராட்டினத்தில் பேத்தி மட்டும்தானே ஏறுவாள், ஆச்சி கீழே பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கேள்வி: இப்போதைக்குப் பிள்ளைகளைப் படகில் எங்கே கூட்டிப்போகலாம்?
- வாசகி, தக்கலை

பதில்: திற்பரப்பு அருவிக்கு மேலே, தடுப்பணையில் தேங்கி நிற்கும் கோதையாற்றில் படகு விடுகிறார்கள். இரண்டு கரையிலும் மரங்கள், நல்ல நிழல். வெள்ளம் அதிகமான நாட்களில் நிறுத்திவிடுவார்கள், அதனால் மழைக்காலத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் வாரை நீங்களே இழுத்துக் கட்டிவிடுங்கள்.