ரீல்ஸில் ஒளிந்திருக்கும் விளம்பரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனில் இருக்கும் ஹோர்டிங்கைப் பார்த்தால் விளம்பரம்தான் என்று தெரிகிறது, ரீல்ஸில் எது விளம்பரம் என்று தெரியவில்லை என்கிறீர்கள். ஹோர்டிங்கையும் முழுசாக நம்பாதீர்கள்: மதுபான பிராண்டின் பெயரில் சோடா வந்தால், மனதில் பதிய வைப்பது மதுவைத்தான். மறைமுக மது விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்களிலும் தடை உண்டு. அந்த சோடா மளிகைக் கடையில் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்; கிடைக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

ரீல்ஸுக்கு, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விளம்பரத் தரக் குழு 2021-இல் விதி வகுத்தது. 15 விநாடிக்குள் முடியும் வீடியோவில் ‘விளம்பரம்’ என்ற குறிப்பு குறைந்தது 3 விநாடி தெரிய வேண்டும். அதைத் தாண்டி 2 நிமிடத்துக்குள் என்றால், மூன்றில் ஒரு பங்கு நேரம். ஹேஷ்டேக் குவியலுக்குள் புதைத்தால் செல்லாது. வீடியோ போடுபவர் காசு வாங்காமல் பொருளை மட்டும் இலவசமாக வாங்கியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். பலர் நழுவுவது இங்கேதான். குறிப்பே இல்லாமல் தள்ளுபடிக்கான கூப்பன் குறியீடு மட்டும் கொடுத்தால், அதன் மூலம் நடக்கும் விற்பனையில் அவருக்குக் கமிஷன் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.