ஒரு வாரத்தில் எத்தனை நாடு பார்க்கலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மே விடுமுறையில் நான், மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன், 66 வயது அம்மா என ஐந்து பேரும் ஐரோப்பா போக நினைக்கிறோம். ஏழு நாள்தான் லீவு. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றையும் அதற்குள் காட்டிவிடுகிறேன் என்கிறார் டூர் ஏஜென்ட். போகலாமா?
வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாங்க. முதல் முறை நாங்களும் அப்படித்தான் போனோம். விடியற்காலை பெட்டியைக் கட்டி வெளியே வைக்க வேண்டும், அப்புறம் நாலைந்து மணி நேரம் பஸ், இறங்கி இருபது நிமிடம் போட்டோ, மறுபடியும் பஸ். ஊர் திரும்பியதும் அம்மாவிடம் எந்த இடம் பிடித்தது என்று கேட்டேன், எது எந்த நாட்டில் பார்த்தது என்றே அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு மனசு கேட்கவே இல்லை.

அடுத்த முறை சுவிட்சர்லாந்து மட்டும், அதிலும் இரண்டே ஊரில் தங்கினோம். லூசெர்னில் மூன்று இரவு, இன்டர்லாக்கன் பக்கம் மூன்று இரவு. உங்களுக்கும் அதையே சொல்வேன். சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். ராகி மாவும் பருப்புப் பொடியும் இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹோட்டலைத் தேட வேண்டாம், அங்கே ஹோட்டல் சாப்பாடு ஐந்து பேருக்குக் கட்டுப்படியாகாது. குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் இருக்கும், அதனால் பாலும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

கார் எடுக்காதீர்கள். பெரியவர்கள் மூன்று பேருக்கும் ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்தால் ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அதிலேயே அடங்கும். கூடவே ஃபேமிலி கார்டு கேட்டு வாங்குங்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது, 16 வயதுக்குள் உள்ள பிள்ளைகள் அப்பா அம்மாவோடு இலவசமாக வரலாம். உங்கள் பிள்ளைகள் இருவருக்குமே டிக்கெட் செலவு மிச்சம்.

ஒகேனக்கல் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ரைன் அருவியைக் கட்டாயம் காட்டுங்கள். ஷாஃப்ஹவுசன் பக்கம் இருக்கிறது, ஜூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். உயரம் 23 மீட்டர்தான், ஆனால் 150 மீட்டர் அகலத்துக்கு ஆறு மொத்தமாக வந்து விழுகிறது. நம் காவிரியில் மே மாதம் தண்ணீர் குறைந்து பாறையாகத் தெரியும், அங்கேயோ ஆல்ப்ஸ் பனி உருகி அந்தச் சமயத்தில்தான் வெள்ளம் ஏறும். அருவிக்கு நடுவே நிற்கும் பாறைக்குப் படகில் கூட்டிப்போய் இறக்கி விடுகிறார்கள், படியேறி உச்சியில் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர் இடித்துக்கொண்டு போகும். பரிசலில் உட்கார்ந்து சாரலில் நனைந்த ஞாபகம் எனக்கு அங்கேதான் வந்தது.

மே மாதத்தில் மேலே போகும் சில கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருப்பார்கள். தேதியைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு பி.பி. இருக்கிறது. யுங்ஃப்ராவ் மலை உச்சி வரை ரயிலில் கூட்டிப்போகலாமா?
வாசகி, தருமபுரி

பதில்: அந்த ரயில் உச்சி வரை போகாது, அது நிற்கும் யுங்ஃப்ராவ்யோக் நிலையமே 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியே 2,240 மீட்டர்தான். காற்று மெலிந்து சிலருக்குத் தலை சுற்றும், மூச்சு வாங்கும். டாக்டரிடம் கேட்காமல் அழைத்துப் போகாதீர்கள்.

பனிமலையைப் பார்க்க அவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதும் இல்லை. லூசெர்னிலிருந்து படகில் விட்ஸ்நாவ் என்ற ஊருக்குப் போய் ரிகி மலை ரயில் ஏறுங்கள். 1871-இல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயில் அது, அந்த வகையில் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். உச்சி 1,800 மீட்டரைக்கூடத் தொடாது, ஆனாலும் வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் வரிசையே எதிரில் நிற்கும். படகும் ரயிலும் ஸ்விஸ் டிராவல் பாஸிலேயே அடக்கம், யுங்ஃப்ராவ்யோக்குக்கு பாஸ் இருந்தாலும் மேல் பகுதிக்குத் தனியாகப் பெரிய தொகை கட்ட வேண்டும். என் அம்மா ரிகி உச்சியில் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

கேள்வி: விசாவுக்கு எப்போது மனு போடுவது?
வாசகர், ஓசூர்

பதில்: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது போட்டாக வேண்டும். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள், கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம். ஷெங்கன் விசாவுக்கு, அதாவது சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும் ஒரே விசாவுக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்ல வேண்டும், எல்லோருடையதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஜூரிச்சில் இருக்கும் மகளுக்கு எங்கள் தோட்டத்து செந்தூரா மாம்பழமும் வீட்டு நெய்யும் கொண்டுபோக ஆசை. விடுவார்களா?
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: விடமாட்டார்கள் அம்மா. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் மாம்பழத்தை உள்ளே அனுமதிப்பதில்லை. நம் நாட்டிலிருந்து பால் பொருள், இறைச்சி எதுவும் கொண்டுபோகக் கூடாது, நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல், ராகி மாவு இதற்கெல்லாம் தடை இல்லை. கறிவேப்பிலை பற்றிக் கவலை வேண்டாம், ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் அங்கே வாழ்வதால் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, மகளே வாங்கிக்கொள்வார். பழம்தான் முடியாதே தவிர, நம் கிருஷ்ணகிரி ஆலைகளில் டின்னில் அடைக்கும் மாங்கூழைக் கொண்டுபோகலாம். கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.