சாயப்பட்டறை கெமிக்கல் குடோன்: சில கேள்விகள், பதில்கள்

திருப்பூர் பக்கம் சாயப்பட்டறைகளில் இருபது வருஷத்துக்கு மேல் கெமிக்கல் ஸ்டோர் பார்த்தவன் நான். என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எம்எஸ்டிஎஸ் (கெமிக்கலோடு வரும் பாதுகாப்புத் தாள்) எல்லாம் ஃபைலில் பத்திரமாக இருக்கிறதுங்க. ஆடிட்டுக்கு அது போதுமா அண்ணா?

ஆடிட்டுக்குப் போதும். கண்ணில் காஸ்டிக் சோடா தெறித்த பையனுக்குப் போதாது. ஃபைல் பீரோவில், சாவி மேனேஜரிடம், மேனேஜர் நைட் ஷிப்டில் வீட்டில். இப்போது எஸ்டிஎஸ் என்கிறார்கள், 16 பிரிவு. முழுசையும் யாரும் படிக்கப்போவதில்லை. 4-இல் முதலுதவி, 7-இல் வைக்கும் முறை, 8-இல் கையுறை, கண்ணாடி, 10-இல் எதோடு சேரக்கூடாது. இந்த நாலிலிருந்தும் ஐந்தாறு வரி எடுத்து, டிரம் இருக்கும் சுவரிலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒடியா, இந்தி பேசும் பசங்க இருந்தால் அவர்கள் மொழியிலும். காஸ்டிக்குக்கு முதல் வரி: குறைந்தது 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவு, அப்புறம் ஆஸ்பத்திரி. எலுமிச்சை பிழிகிற வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

கேள்வி: ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் பொடி) டிரம் தானாகவே புகைந்தது. எப்படி சார்?

தானாக இல்லை, ஈரம்தான் காரணம். ஒருமுறை ஐப்பசி மழையில் எங்கள் குடோனிலும் நடந்தது. ஈர மக்கில் ஒருவர் அளந்து எடுத்துவிட்டு மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டுப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் தீக்குச்சி கருகின மாதிரி மூக்கைக் குத்தும் நெடி. டிரம்மில் கை வைத்தேன், வெளிப்பக்கமே சுட்டது. தொட்டதே தப்பு, இன்று நினைத்தாலும் என் மேல் கோபம் வருகிறது. அந்த நெடி சல்ஃபர் டை ஆக்சைடு. வாளித் தண்ணீரை ஊற்றுவது அடுப்பை விசிறுகிற மாதிரி. இதற்குத் தண்ணீர் என்றால் வெள்ளமாகப் பாய்ச்ச வேண்டும், அது தீயணைப்புக்காரர்கள் வேலை. ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள். ஹைட்ரோஸுக்கென்று காய்ந்த மக் ஒன்று தனியாக வைத்து, தரையிலிருந்து உயர்த்திப் பலகை மேல் அடுக்குங்கள்.

கேள்வி: ஹைட்ரஜன் பெராக்சைடு கேன் உப்பிக்கொண்டு நிற்கிறதே?

மூடியைப் பாருங்கள். காற்று போகிற ஓட்டையுள்ள மூடிக்குப் பதிலாக யாரோ சாதா மூடி போட்டிருப்பார்கள். துரு, தூசி பட்டால் பெராக்சைடு பிரிந்து ஆக்சிஜன் வெளியேறும், போக வழி இல்லாவிட்டால் கேன் உப்பும். அவசரப்பட்டு மூடியைத் திருகாதீர்கள், கிட்டே ஆளை விடாமல் சப்ளையரைக் கூப்பிடுங்கள். மக்கில் மிஞ்சினதைத் திரும்பக் கேனில் ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள், துரு உள்ளே போகும் வழியே பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: அசிட்டிக் ஆசிட்டையும் சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே ரேக்கில் வைக்கலாமா?

கூடாது. ரெண்டும் கலந்தால் குளோரின் என்ற விஷ வாயு வரும்.

கேள்வி: "ஃபார்முலா ரகசியம்" என்று சப்ளையர் எஸ்டிஎஸ் தர மறுக்கிறார்.

ஃபார்முலாவை யார் கேட்டது? என்ன ஆபத்து, பட்டால் என்ன செய்வது, அதைத்தான் கேட்கிறோம். போபால் விபத்து 1984-இல். அதற்கப்புறம் 1989-இல் வந்த அபாயகர ரசாயன விதிகளிலேயே, தளத்தில் இருக்கும் அபாயகர ரசாயனத்துக்குப் பாதுகாப்புத் தாள் இருக்க வேண்டும், கலனில் லேபிள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தாள் இல்லாமல் பில் பாஸ் ஆகாது என்று கணக்குப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், மறுநாளே வந்துவிடும். என் அனுபவம் அது.

கேள்வி: கழிவுநீர்த் தொட்டியில் சேறு எடுக்க இறங்க வேண்டும். அதற்கு எந்த எஸ்டிஎஸ் பார்ப்பது?

எதிலும் இருக்காது தம்பி. வாங்கின சரக்குக்குத்தான் தாள் வரும். அடியில் சேறு அழுகி வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயுவை யாரும் பில் போட்டு விற்கவில்லை. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்து அந்த நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்காதீர்கள். மீட்டர் வைத்து அளக்காமல், ப்ளோயர் ஓடாமல், மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் ஏணியில் கால் வைக்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்தால் காப்பாற்ற அடுத்தவர் குதிக்கவும் கூடாது.