மகிழ்ச்சியாக, நம்பிக்கையோடு இருக்க எந்தத் தத்துவம் உங்களுக்கு உண்மையிலேயே உதவியது?

"எல்லாம் நல்லதுக்கே" என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன வருஷம், அதைக் கேட்காத நாளே இல்லை. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸை வைத்துவிட்டு, கூடவே இதையும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்போது எனக்குக் கைகொடுத்தது புறநானூற்றின் 194வது பாட்டு. பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. துணையோடு இருப்பவர்கள் பூச்சூடுகிறார்கள், பிரிந்தவர்கள் கண்ணில் நீர் வடிகிறது. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்று நேராகவே வைகிறார் மனிதர்! அதற்குப் பிறகுதான் 'இன்னாது அம்ம, இவ்வுலகம்; இனிய காண்க, இதன் இயல்பு உணர்ந்தோரே' என்று முடிக்கிறார். உலகம் பொல்லாததுதான், அதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைப் பாருங்கள். முதலில் ஆசை தீரத் திட்டிவிட்டுப் பிறகு இனியதைப் பார்க்கச் சொல்லும் அந்த வரிசைதான் எனக்குப் பிடித்தது.

கிரேக்கத்துத் தத்துவஞானி எபிகூரஸும் இந்த ஜாதிதான். சுகவாசி என்று பெயர் வாங்கிய அவருக்கு ரொட்டியும் தண்ணீரும் போதும். ஒரு சட்டி பாலாடைக்கட்டி அனுப்பு, நினைத்தபோது விருந்து கொண்டாடுவேன் என்று நண்பருக்கு எழுதியவர். கி.மு. 270 வாக்கில், சிறுநீர் அடைத்து வலியில் சாகக் கிடந்தபோது இடோமெனியஸ் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார்: வலி உச்சத்தில் இருக்கிறது, ஆனாலும் நாம் பேசிய பேச்சுகளை நினைத்தால் மனசு நிறைகிறது என்று. வலியே இல்லை என்று அவர் சொல்லவில்லை, பாருங்கள்.

அதை அப்படியே வீட்டில் செய்து பார்த்தேன். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். சாயங்காலம் பிசியோதெரபி முடிந்ததும் அவருடைய பழைய ரூட்டை ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொல்லச் சொல்வேன். நாக்கு குழறும், பாதியில் அழுதுவிடுவார். சில நாள் நானும்தான். ஒருநாள் நானே சொல்லிக்கொண்டு வந்தபோது ஒரு ஸ்டாப்பை விட்டுவிட்டேன். அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைப் படபடவென்று தட்டினார். உதட்டைக் குவித்து விசிலடிக்கப் பார்த்தார். கோணிய வாயில் காற்றுதான் வந்தது.

"பஸ் நிக்கலப்பா" என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.